சரிசெய்யக் கூடாத சாலை

மேஸ்திரி என்று சொன்னால் அந்தப் பக்கத்தில் அவர் ஒருவர்தான். வீடு கட்டுகிற மேஸ்திரிகள் எத்தனையோ பேர் இருந்தார்கள். அவர்களைச் சொல்லும்போது மட்டும் கட்டட மேஸ்திரி என்று முன்னால் ஒரு வார்த்தை போட வேண்டியிருந்தது. இவருக்கு அது தேவைப்படவில்லை. சாலைத் துறையில் கூலியாளாகச் சேர்ந்து, ஜல்லிக் கூடை சுமந்து, தார் காய்ச்சி, கடைசியில் ஆறு ஆட்களுக்கும் ஒரு டிராக்டருக்கும் தலைவராக ஆனவர். ஆற்றுப் பாலத்தில் தொடங்கி சிமெண்ட் ஆலை வாசலில் முடிகிற பழைய சாலை முழுவதும் அவர் பொறுப்பு.

துறையின் சாமான் கிடங்குக்குப் பின்னால் இருந்த இரண்டு அறை வீட்டில்தான் குடியிருந்தார். ஜன்னலைத் திறந்தால் ஜல்லிக் குவியலும் தார் பீப்பாய்களும்தான் தெரியும். துணி காயப்போட்டால் கறுப்புப் பொட்டு விழும். அவர் மனைவி பள்ளிக்கூடச் சீருடை தைப்பவர். வெள்ளைத் துணி வெட்டுகிற நாட்களில் ஜன்னலை இழுத்துச் சாத்திவிட்டு, வியர்க்க வியர்க்க மிஷினை மிதிப்பார்.

"கல்யாணத்துக்குப் போனா ஊர் உலகம் பொண்ணு மாப்பிள்ளையைப் பார்க்கும். எங்க வீட்டுக்காரர் மட்டும் அந்த ஊர் ரோட்டைப் பார்த்துட்டு வருவார்" என்பார் அந்த அம்மாள், துணி கொடுக்க வருகிறவர்களிடம்.

அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. ஆனால் வீட்டில் ஒரு பிள்ளை வளர்ந்தது. மனைவியின் தம்பி. பெற்றவர்கள் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது பள்ளிப் பையோடு அக்கா வீட்டுக்கு வந்தவன், அங்கேயே மீசை முளைத்து, அங்கேயே பஸ் டிரைவரும் ஆனான். அத்தான் பராமரிக்கிற சாலையில்தான் அவனுக்கு வேலை. ஆலையிலிருந்து ஆற்றுப் பாலம் வரைக்கும் போவான், திரும்பி வருவான். கிடங்கைத் தாண்டும்போது ஹாரனை இரண்டு தடவை அழுத்துவான். அக்கா மிஷினை நிறுத்தாமலே தலையை மட்டும் ஆட்டிக்கொள்வார்.

புதுச் சாலை வரப்போகிறது என்ற பேச்சு எழுந்தபோது மூன்று பேருக்குமே சந்தோஷம்தான். வயல்களுக்கு அந்தப் பக்கம், உயரமாக மண் கொட்டி, நடுவில் தடுப்பு வைத்து, போக மூன்று வண்டி வர மூன்று வண்டி என்று விரைவுச்சாலை. ஒரு கம்பெனி போடுகிறது என்றார்கள்.

"கம்பெனிக்காரன் கைக்காசையா போடறான்?" என்று அக்கா கேட்டார்.

"அவன் எங்க போடறான். பேங்குல கடன் வாங்கிப் போடறான்" என்றான் தம்பி. "அப்புறம் முப்பது வருஷம் போற வர்ற வண்டியிலெல்லாம் சுங்கம் வாங்கிக் கடனை அடைச்சு, லாபத்தையும் பார்த்துட்டு, ரோட்டைக் கவர்மெண்டுகிட்ட ஒப்படைச்சுடுவான்."

"முப்பது வருஷத்துல ரோடு தேஞ்சு போயிருக்குமேடா."

"அதைத்தான் அத்தான்கிட்ட குடுப்பாங்க. அவர் ஒட்டுப் போட்டுக்குவார்."

மேஸ்திரி சிரித்தார். அவருக்கு உண்மையிலேயே அந்தச் சாலை பிடித்திருந்தது. கனரக லாரிகளெல்லாம் அங்கே போய்விட்டால் தன் சாலை கொஞ்சம் மூச்சுவிடும் என்று நினைத்தார். திறப்பு விழாவுக்கு முந்தின வாரம் அவருடைய ஆட்களை இரவல் வாங்கிப் போய் ஓரக்கற்களுக்கு வெள்ளை அடிக்க வைத்தார்கள். அந்தத் தார்ப்பரப்பில் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு வந்து, "கன்னம் மாதிரி இருக்கு" என்று மனைவியிடம் சொன்னார்.

ஆனால் லாரிகள் அங்கே போகவில்லை. புதுச் சாலையில் போனால் நேரம் மிச்சம், ஆனால் சுங்கம் கொடுக்க வேண்டும். பழைய சாலையில் போனால் நேரமாகும், ஆனால் யாரும் கை நீட்ட மாட்டார்கள். லாரிக்காரர்கள் இரண்டையும் யோசித்துப் பார்த்துவிட்டுப் பழைய சாலையிலேயே வந்தார்கள். சுங்கச்சாவடியில் பத்து வாசல் கட்டி ஆறு வாசலை மூடி வைத்திருந்தார்கள். தினம் இத்தனை ஆயிரம் வண்டி வரும் என்று எங்கோ ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து யாரோ மதிப்புப் போட்டுக் கொடுத்ததை நம்பித்தான் பேங்குகள் கடன் கொடுத்திருந்தன. வந்தது அதில் பாதிகூட இல்லை.

அந்த வருஷம் மழைக்கு முன்னால் வர வேண்டிய தார் வரவில்லை. மேஸ்திரி பிரிவு அலுவலகத்துக்குப் போனார். பொறியாளர் ஒரு பெண். அவரைவிடப் பதினைந்து வயது சின்னவர். மேலதிகாரி என்றாலும் மேஸ்திரியை நிற்க வைத்துப் பேசுகிற வழக்கம் அவருக்குக் கிடையாது.

"உட்காருங்க மேஸ்திரி. தாருக்குத்தானே வந்தீங்க. இந்த வருஷம் வராது."

"மழைக்கு முன்னாடி மேல ஒரு பூச்சு போட்டாதான் மேடம் நிக்கும். இல்லேன்னா பாளம் பாளமாப் பேர்ந்துடும்."

பொறியாளர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"புது ரோட்டு ஒப்பந்தத்துல ஒரு ஷரத்து இருக்காம். பழைய ரோட்டை நாம மேம்படுத்தக் கூடாது. மேம்படுத்தி, அதனால அவங்களுக்கு வண்டி குறைஞ்சா, அந்த நஷ்டத்தைக் கவர்மெண்ட் ஈடு கட்டணும்."

"மேம்படுத்த வேணாம் மேடம். இருக்கிறதை இருக்கிறபடி வெச்சுக்குவோம்."

"எது பராமரிப்பு, எது மேம்பாடுன்னு அவங்க வக்கீல் ஒண்ணு சொல்றார், நம்ம வக்கீல் ஒண்ணு சொல்றார். மேல இருக்கிறவங்க பயப்படறாங்க. குழி விழுந்தா மண்ணைக் கொட்டி மூடுங்க. அதுக்கு மேல எதுவும் செய்ய வேணாம்."

"அப்படீன்னு எழுத்துல ஒரு வரி குடுத்துடுங்க மேடம்."

"எழுத்துல வராது மேஸ்திரி" என்றார் பொறியாளர். மேஜைமேல் இருந்த கண்ணாடிக் குண்டைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். "எனக்கும் எழுத்துல வரல."

மேஸ்திரி வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது மனைவிக்குப் புரியவே இல்லை.

"ரோட்டைச் சரி பண்றதுக்குத்தானே உங்களுக்குச் சம்பளம்?"

"ஆமா."

"சரி பண்ணாம இருக்கிறதுக்கும் அதே சம்பளமா?"

"அதே சம்பளம்தான்."

"அப்ப நிம்மதியா உட்காருங்களேன்" என்று சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோத்தார். அவர் முகத்தைப் பார்த்ததும், சொல்லியிருக்க வேண்டாமோ என்று அந்த அம்மாளுக்குத் தோன்றியதாம்.

உட்காரவும் விடவில்லை. அடுத்த வருஷம் வேறொரு வேலை வந்தது. சாலை நெடுக வேகத்தடை போடச் சொன்னார்கள். மக்கள் பாதுகாப்புக்கு என்று காரணம் சொன்னார்கள். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் போட்டால் சரி. ஆளே இல்லாத பொட்டல்வெளியிலும் போடச் சொன்னார்கள். ஒட்டுப் போடக் கிடைக்காத தார், இதற்கு மட்டும் கேட்டவுடன் கிடைத்தது. தெருவிளக்குகளில் பாதியை அணைத்தார்கள். லாரிகள் ஒதுங்கி நிற்கிற இடங்களில் பள்ளம் வெட்டிப் போட்டார்கள். இத்தனையும் மேஸ்திரியின் ஆட்கள்தான் செய்தார்கள். வேகத்தடையின் மேல் வெள்ளைப் பட்டை அடிக்கப் பெயிண்ட் கேட்டபோது, இருப்பில் இல்லை என்று பதில் வந்தது.

"உங்க மேட்டுல ஒவ்வொண்ணா ஏறி இறங்கறப்போ என் இடுப்பெலும்பு உங்களைத்தான் கூப்பிடுது அத்தான்" என்பான் மைத்துனன், சாப்பிட உட்கார்ந்ததும்.

"என்னன்னு கூப்பிடுது?"

"அதை அக்கா முன்னாடி சொல்ல முடியாது."

சிரிப்பார்கள். ஆனால் மேஸ்திரி இப்போதெல்லாம் கொஞ்சம் பிந்தித்தான் சிரித்தார். பஸ்ஸில் வருகிறவர்கள் அவரைக் கண்டால் முன்பெல்லாம் கையசைப்பார்கள். இப்போது ஜன்னல் வழியாக, "மேஸ்திரி, தூங்கறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஒருநாள் ஒருவன் காறித் துப்பினான். அது அவர் மேல் படவில்லை. ஆட்கள்தான் கோபப்பட்டார்கள். அவர், "வேலையைப் பாருங்கப்பா" என்று மட்டும் சொன்னார்.

வாய்க்கால் வளைவில் ஒரு சிறுபாலம் உண்டு. சாலை அங்கே குறுகி, வளைந்து, வாய்க்காலைத் தாண்டும். தண்ணீர் அதன் ஓரத்து மண்ணை அரிக்க ஆரம்பித்திருந்தது. மேலே இருந்து பார்த்தால் சாலை முழுசாகத் தெரியும். கீழே இறங்கிப் பார்த்தால் தார்ப்பாளம் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். மேஸ்திரி பொறியாளரைக் கூட்டிக்கொண்டு போய், செருப்பைக் கழற்றச் சொல்லி, சேற்றில் இறக்கிக் காட்டினார்.

"ஒரு அணைச்சுவர் கட்டணும் மேடம். பெரிய வேலை இல்ல. என் ஆளுங்களே கட்டிடுவாங்க."

பொறியாளர் ரொம்ப நேரம் பார்த்தார். கட்ட வேண்டும் என்று அவருக்கும் தெரிந்தது. மேலே கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று போனவர் மறு வாரம் கூப்பிட்டார். "பாலத்தைப் பலப்படுத்தினா அது மேம்பாடுக்குள்ள வந்துடுமாம். வேண்டாங்கறாங்க. பீப்பாய் ஏதாவது வெச்சு மறைச்சு வைங்க."

மேஸ்திரி காலிப் பீப்பாய்களுக்குச் சிவப்பு அடித்து, உள்ளே மண் நிரப்பி, ஓரமாக வரிசையாக வைத்தார். சில நாளில் லாரிகள் இடித்து இரண்டு சரிந்தன. ஒன்றை யாரோ தண்ணீர் பிடித்து வைக்கத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் மறுபடி வைத்தார். மறுபடி சரிந்தன. மைத்துனனிடம் சொல்லியிருந்தார்: "அந்த வளைவுல ஓரம் கட்டாதே. எவன் எதிர்ல வந்தாலும் நடுவுல நில்லு, அவன் பின்னாடி போகட்டும்."

"எனக்குத் தெரியாதா அத்தான். தினம் போற ரோடுதானே."

ஒருநாள் சாயங்காலம் மழை. ஆலை விட்டு வருகிறவர்கள் ஏறியதால் பஸ் நிறைந்திருந்தது. வளைவுக்கு இந்தப் பக்கம் ஒரு வேகத்தடை, அந்தப் பக்கம் ஒன்று. இந்தப் பக்கத்து மேட்டில் ஏறி இறங்கி மைத்துனன் மெதுவாகத்தான் வந்திருக்கிறான். எதிரே, சுங்கத்துக்குப் பயந்து பழைய சாலையில் இரும்புக் கம்பி ஏற்றி வந்த லாரி ஒன்று, அந்தப் பக்கத்து வேகத்தடை இருப்பது தெரியாமல் குதித்து, வழுக்கி, நேராக நடுவில் வந்திருக்கிறது. மோதாமல் இருக்க ஸ்டியரிங்கை ஓர் அரைக் கை அளவு திருப்பினான். இடது சக்கரம் அந்தரத்தில் இருந்த பாளத்தில் ஏறியது. பாளம் உடைந்தது.

லாரிக்காரன்தான் ஓடிவந்து கிடங்கில் சொன்னான். மேஸ்திரி ஆட்களோடு டிராக்டரில் போனபோது பஸ் வாய்க்காலில் பக்கவாட்டில் கிடந்தது. கண்ணாடி துடைக்கிற கம்பிகள் மட்டும் இன்னும் ஆடிக்கொண்டிருந்தன. உள்ளேயிருந்து வந்த சத்தத்தை அவர் பிற்பாடு யாரிடமும் விவரிக்கவில்லை. கடப்பாரையால் பின்கண்ணாடியை உடைத்தார்கள். முன்பக்கம் மைத்துனன் ஸ்டியரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவில் மாட்டியிருந்தான். முழங்காலுக்குக் கீழே தண்ணீர் சிவந்திருந்தது.

"அத்தான், என்னை விடுங்க. முதல்ல பின்னாடி பாருங்க."

அவர் பின்னாடி போனார். பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்தவனை அங்கேயே விட்டுவிட்டுப் போனார். ஒவ்வொருவராகத் தூக்கிக் கரையில் போட்டார்கள். நான்கு பேர் பிழைக்கவில்லை. கண்டக்டர், வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு நர்ஸ், ஓர் அப்பாவும் அவருடைய சின்னப் பெண்ணும். சின்னப் பெண்ணை மேலே கொண்டு வந்தது மேஸ்திரிதான். அவளுடைய ஒற்றைச் செருப்பைத் தேடி மறுபடி தண்ணீருக்குள் இறங்கப் போனார். ஆட்கள் இரண்டு பேர் சேர்ந்து அவரைப் பிடித்து உட்கார வைத்தார்கள்.

மைத்துனனுக்கு வலது கால் முழங்காலோடு போயிற்று. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருக்கும்போதே போலீஸ் வந்து, அஜாக்கிரதையாக ஓட்டி நான்கு பேரைக் கொன்றதாக வழக்குப் போட்டது. விசாரணைக்கு ஓர் அதிகாரி நியமிக்கப்பட்டார். சாலை எப்படி இருந்தது என்று சொல்ல மேஸ்திரியைக் கூப்பிட்டிருந்தார்கள்.

அதற்கு இரண்டு நாள் முன்னால், துறையின் பெரிய அதிகாரி ஒருவர் காரில் வந்து கிடங்கு வாசலில் இறங்கினார். அத்தனை பெரிய அதிகாரி அந்த வீட்டுப் படி ஏறியது அதுதான் முதல் தடவை. உட்கார நல்ல நாற்காலி இல்லாததால் தையல் மிஷினுக்கு முன்னால் இருந்த ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்கள்.

"வருத்தமான விஷயம்தான். உங்க சொந்தக்காரன் வேற" என்றார் அதிகாரி. "ஆனா நீங்க யோசிச்சுப் பேசணும். ஓரம் நல்லா இருந்துது, பீப்பாய் எல்லாம் வெச்சிருந்துது, மழையில என்ன நடந்துதுன்னு தெரியாது. அவ்வளவுதான். வேற மாதிரி சொன்னீங்கன்னா, அந்த ரோட்டுக்குப் பொறுப்பு யாருன்னு கேட்பாங்க. பொறுப்பு நீங்கதான்."

"கட்ட வேணாம்னு சொன்னது யார்னு கேட்க மாட்டாங்களா சார்?"

"யார் சொன்னாங்க? எங்க சொன்னாங்க?" அதிகாரி குரலை உயர்த்தவே இல்லை. "அந்த ஒப்பந்தத்தை நானே பார்த்ததில்ல மேஸ்திரி. அது ரகசியம். வெளியில எடுக்க முடியாது. நீங்க பார்க்காததை நீங்க எப்படிச் சொல்வீங்க?"

கார் போயிற்று. மிஷினில் பாதி தைத்த சட்டைக் கை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அந்த அம்மாள்தான் முதலில் கேட்டார்.

"அவர் சொல்ற மாதிரி சொன்னா தம்பி என்ன ஆவான்?"

"ரோடு நல்லா இருந்துதுன்னா அப்புறம் தப்பு பூரா அவன் தலையிலதான்."

"உள்ளதைச் சொன்னா?"

"என் வேலை போகும்."

"தம்பி வெளியில வந்துடுவானா?"

"வரணும். பாளத்துக்கு அடியில மண்ணே இல்லைன்னு சொன்னா, அதுக்கு மேல அவன் என்ன பண்ணியிருக்க முடியும்?"

அந்த அம்மாள் கொஞ்ச நேரம் சட்டைக் கையை மடித்தும் பிரித்தும் பார்த்தார். "அப்ப உள்ளதைச் சொல்லிட்டு வாங்க. நான் தைக்கிறேன். ரெண்டு பேருக்கும் சேர்த்துத் தைக்கிறேன்."

விசாரணை ஒரு பழைய கூட்ட அரங்கில் நடந்தது. இறந்தவர்களின் வீட்டார் முதல் வரிசையில் இருந்தார்கள். விரைவுச்சாலைக் கம்பெனியின் சார்பில் யாரும் வரவில்லை. விபத்து அவர்களுடைய சாலையில் நடக்கவில்லையே. மைத்துனனைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்து ஓரமாக நிறுத்தியிருந்தார்கள்.

"ஓரம் அரித்திருந்தது உங்களுக்கு முன்பே தெரியுமா?" என்று விசாரணை அதிகாரி கேட்டார்.

"தெரியும் சார்."

"எத்தனை காலமாக?"

"ஒரு வருஷத்துக்கு மேல."

"ஏன் சரிசெய்யவில்லை?"

"செய்யக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க சார். புது ரோட்டு ஒப்பந்தத்துல அப்படி இருக்காம்."

"ஒப்பந்தத்தைப் பார்த்திருக்கிறீர்களா?"

"இல்ல சார்."

"எழுத்தில் உத்தரவு இருக்கிறதா?"

"வாயாலதான் சொன்னாங்க."

பொறியாளரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் எழுந்து நின்று தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி ஓர் உத்தரவு கொடுத்ததாகத் தனக்கு நினைவில்லை என்றார். மேஸ்திரி அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிற்பாடும் அவரை ஒரு வார்த்தை குறை சொன்னது கிடையாது. "அதுக்கும் ரெண்டு குழந்தை இருக்கு" என்பார்.

அவர் அன்று நிறையப் பேசினார். பீப்பாய் வைத்ததை, சேற்றில் இறங்கிக் காட்டியதை, வேகத்தடைக்குப் பெயிண்ட் கேட்டதை, மைத்துனனை எச்சரித்து வைத்ததை எல்லாம் சொன்னார். ஆனால் விசாரணை அறிக்கையில் அவர் சொன்னதாக இருந்தது ஒரே வார்த்தைதான். தெரியும் என்ற வார்த்தை. ஆபத்து என்று தெரிந்தும் சரிசெய்யாத குற்றத்துக்காக மேஸ்திரி பணிநீக்கம் செய்யப்பட்டார். அவர் சொன்னதால் மைத்துனன் தப்பிக்கவும் இல்லை. சாலை மோசம் என்று உறவினர் மூலமாக முன்பே தெரிந்தவர் இன்னும் கவனமாக ஓட்டியிருக்க வேண்டும் என்று சொல்லி, கோர்ட்டில் அவனுக்கு இரண்டு வருஷம் சிறை போட்டார்கள். வீட்டில் அக்கறையோடு சொன்ன எச்சரிக்கைகூட அவனுக்கு எதிராகத்தான் நின்றது.

வளைவுப் பாலத்தை, மக்கள் பாதுகாப்பு கருதி என்று பலகை எழுதி, நிரந்தரமாக மூடினார்கள். பழைய சாலை நடுவில் துண்டானது. லாரி, பஸ், ஆலைக்குப் போகிற வண்டி எல்லாம் விரைவுச்சாலையில்தான் போக வேண்டும் என்றாகிவிட்டது. சுங்கச்சாவடியில் மூடிக் கிடந்த ஆறு வாசலும் திறந்தன. எந்த மதிப்பீட்டுக்காரனாலும் கொண்டுவர முடியாத வண்டிகளை அந்த நான்கு சாவு கொண்டுவந்தது. கம்பெனி மறு வருஷமே அந்தச் சாலையை நல்ல விலைக்கு வேறொரு கம்பெனிக்கு விற்றுவிட்டது. பலகைகளில் நிறம் மாறியது, அவ்வளவுதான்.

துறை வீட்டைக் காலி செய்யச் சொன்னதும் அவர்கள் டவுனில் மாடிப்படிக்குக் கீழே ஓர் ஒற்றை அறைக்குப் போனார்கள். மிஷினைப் போட்ட பிறகு இரண்டு பேர் காலை நீட்டத்தான் இடம் இருந்தது. அங்கே ஒரு நாள் காலையில், நரைத்த தலையோடு ஒரு பெண் வந்து நின்றார். இறந்துபோன நர்ஸின் தாயார். உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை.

"நீங்க அன்னிக்குத் தெரியும்னு சொன்னீங்களே, அது நிஜமா?" என்று கேட்டார்.

"நிஜம்தாம்மா."

"தெரிஞ்சும் தினம் அந்தப் பக்கம் பஸ்ஸை விட்டீங்களா?"

 மேஸ்திரியின் மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தார். மேஸ்திரி கையைக் காட்டி நிறுத்தினார். ஒப்பந்தம், ஷரத்து, மேலிடம் என்று அந்தத் தாயாரிடம் எதைச் சொல்வது? சொன்னாலும் அது எங்கே போய்ச் சேரும்?

 "சண்டை போடறதுக்குத்தான் வந்தேன்" என்றார் அந்தப் பெண். "உங்களைப் பார்த்தா அதுக்கும் முடியல." தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுத் தெருவில் இறங்கிப் போனார்.

அன்றிலிருந்துதான் மேஸ்திரி பேச்சைக் குறைத்துக்கொண்டார். விரைவுச்சாலையில் துப்புரவு எடுத்திருந்த ஒரு கான்டிராக்டரிடம் வேலைக்குச் சேர்ந்தார். வேறு யாரும் அவரை எடுத்துக்கொள்ளவில்லை. மின்னுகிற சட்டையைப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் வண்டிகள் காற்றைக் கிழித்துக்கொண்டு போக, வெடித்துச் சிதறிய டயர்த் துண்டுகளைப் பொறுக்குவார். தார் எங்கேயாவது விரிசல் விட்டிருந்தால் அந்த இடத்தில் நிற்காமல் தாண்டிப் போவார். முதல் மாதம் ஒரு விரிசலைப் பற்றிச் சூப்பர்வைசரிடம் சொல்லப் போய், "உன்னைப் பொறுக்கத்தானேய்யா சொன்னோம்" என்று வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

மைத்துனன் சிறையிலிருந்து வந்தபோது கட்டைக் கால் ஒன்று பொருத்தியிருந்தார்கள். விபத்துக்கு முன்னால் அவனுக்குப் பேசி வைத்திருந்த பெண்ணுக்கு அதற்குள் வேறு இடத்தில் கல்யாணம் ஆகியிருந்தது. ஒற்றை அறையில் மூன்றாவது ஆளாக அவனும் படுத்தான். யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. அதுதான் பெரிய கஷ்டமாக இருந்தது. ஒருவர் சாப்பிடும்போது மற்றவர் வெளியே எதற்கோ எழுந்து போனார். மேஸ்திரி வேலைக்குக் கிளம்பும்போது அந்த மின்னுகிற சட்டையை வீட்டில் போட்டுக்கொள்ளாமல் பையில் சுருட்டி எடுத்துப் போனார். ஆனால் அவன் பார்க்காமலா இருப்பான்?

ஒருநாள் அவனே கேட்டான்.

"அத்தான், நான் அன்னிக்கு நடுவுலயே நின்னிருக்கணுமோ?"

"நின்னிருந்தா கம்பி லாரி உள்ள வந்திருக்கும்டா. இன்னும் நிறையப் பேர் போயிருப்பாங்க."

"நீங்க நில்லுன்னுதானே சொன்னீங்க."

 அக்கா மிஷினை வேகமாக மிதித்தார், தேவையில்லாத வேகத்தில்.

அதற்கு அடுத்த மாதம் அவன் போய்விட்டான். சண்டை ஒன்றும் இல்லை. தூரத்து ஊரில் ஒரு கிடங்குக்கு வாட்ச்மேன் வேலை, உட்கார்ந்தே பார்க்கலாம் என்றான். அக்கா அழுதார். மேஸ்திரி பஸ் நிலையம் வரைக்கும் அவன் பையைத் தூக்கிக்கொண்டு போனார். பஸ் விரைவுச்சாலை வழியாகப் போகிற பஸ். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இடம் காலியாக இருந்தும் அவன் கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தான்.

வாரத்துக்கு ஒரு தடவை அக்காவுக்குப் போன் பண்ணுவான். அக்காவின் முதுகுவலி, வீட்டு ஓனர், தையல் வேலை எல்லாம் விசாரிப்பான். அத்தானை மட்டும் விசாரிக்க மாட்டான். மேஸ்திரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, மனைவி பேசுகிற பாதிப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பார். இந்த நேரத்தில்தான் விரைவுச்சாலைக் கம்பெனிக்கு ஆரம்ப வருஷங்களில் ஏற்பட்ட நஷ்டத்துக்கு ஈடாக, சுங்கம் வாங்குகிற காலத்தை இன்னும் பன்னிரண்டு வருஷம் நீட்டித்திருப்பதாகச் செய்தி வந்தது. அறைக்குப் பக்கத்து டீக்கடையில் அதைப் பற்றிச் சத்தமாகப் பேசினார்கள். மேஸ்திரி கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு வந்துவிட்டார்.

போன வாரம் பேச்சு முடிகிற நேரத்தில் அந்த அம்மாள் போனை அவரிடம் நீட்டினார். "உங்களைக் கேட்கறான்" என்றார். அவர் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். 

"அங்க மழையா?" என்றார் மேஸ்திரி.

"இல்ல அத்தான். அங்க?"

"இங்கயும் இல்ல."

 அவர் போனை மனைவியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார்.